மார்க் குறைந்தால் வாலிபாலை நிறுத்தலாமா?

கேள்வி:

என் மகன் இந்த ஆண்டு எட்டாம் வகுப்பு முடிக்கிறான். பள்ளி வாலிபால் டீமில் இருக்கிறான். வாரம் மூன்று சாயங்காலம் பிராக்டிஸ். இதுபோக நாடகக் குழு, சனிக்கிழமை கீபோர்டு வகுப்பு. கடந்த இரண்டு தேர்விலும் கணிதத்தில் மார்க் நன்றாகக் குறைந்துவிட்டது. மார்க் ஏறும்வரை டீமிலிருந்து எடுத்துவிடலாம் என்கிறார் வகுப்பாசிரியை. என் கணவர் ஒரு படி மேலே போய், பள்ளியையே மாற்றிவிடலாம் என்கிறார். அவர் பார்த்து வைத்திருக்கும் பள்ளி கண்டிப்புக்குப் பெயர் பெற்றது. முடி நீளம் முதல் சாக்ஸ் நிறம் வரை விதி உண்டு, வராந்தாவில் பேசக் கூடாது, செல்போன் வாசலைத் தாண்டக் கூடாது, ஒன்பதாம் வகுப்பிலிருந்து விளையாட்டு, கலை எதுவும் கிடையாது. ஜப்பானும் கொரியாவும் முன்னால் நிற்பது இப்படித்தான் என்பது அவர் வாதம். பின்லாந்தில் இருக்கும் என் நாத்தனாரோ, அங்கே இந்தக் கெடுபிடி எதுவுமே இல்லை, பிள்ளைகள் நன்றாகத்தான் படிக்கிறார்கள் என்கிறார். நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

உங்கள் கணவரும் நாத்தனாரும் ஆளுக்கொரு நாட்டைக் காட்டுகிறார்கள். அந்த நாடுகளையே கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்த்துவிடலாம். இருவர் காட்டும் படமும் அரைகுறையாக இருக்கிறது.

பல நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடி, 15 வயது மாணவர்களுக்கு உலகளவில் நடத்தும் பிசா தேர்வில், 2022-ஆம் ஆண்டு கணிதத்தில் ஜப்பான் 536, தென்கொரியா 527, பின்லாந்து 484. ஓஇசிடி நாடுகளின் சராசரி 472. இதோடு நிறுத்தினால் உங்கள் கணவர் ஜெயித்துவிட்டார். ஆனால் 2006-இல் இதே பின்லாந்து 548 எடுத்தது. அந்த ஆண்டு கொரியா 547, ஜப்பான் 523. நாற்பத்தைந்து நிமிடம் பாடம், பிறகு கால் மணி நேரம் வெளியே ஓடி விளையாட இடைவேளை என்கிற தளர்வான ஏற்பாடு அப்போதும் பின்லாந்தில் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அதே ஏற்பாட்டோடு உச்சிக்குப் போன நாடு, அதே ஏற்பாட்டோடுதான் இறங்கியும் இருக்கிறது. அதனால் தளர்வுதான் உயர்த்தியது என்றும் சொல்ல முடியாது, தளர்வுதான் கவிழ்த்தது என்றும் சொல்ல முடியாது.

ஜப்பான் விஷயம் இன்னும் சுவாரசியமானது. அங்கே விதிகள் கண்டிப்பு என்பது உண்மை. மாணவர்களே வகுப்பறையைத் துடைத்துக் கூட்டுவது தினசரி வழக்கம். ஆனால் உங்கள் கணவர் பார்த்து வைத்திருக்கும் பள்ளியைப் போல விளையாட்டையும் கலையையும் வெட்டிவிட்டு அவர்கள் அந்த மதிப்பெண்ணை எடுக்கவில்லை. 'புகாட்சு' என்று சொல்லும் கிளப் நடவடிக்கை அங்கே பள்ளி வாழ்க்கையின் பெரும்பகுதி. நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் ஏதாவது ஒரு கிளப்பில் இருப்பார்கள்: பேஸ்பால், கெண்டோ என்னும் மூங்கில் வாள் விளையாட்டு, பேண்ட் வாத்தியம், எழுத்தோவியம். அது எந்த அளவுக்குப் போனதென்றால், 2018-இல் அரசே தலையிட்டு, விளையாட்டுக் கிளப்புகள் பள்ளி நாட்களில் சுமார் இரண்டு மணி நேரம், விடுமுறை நாட்களில் மூன்று மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, வாரத்தில் இரண்டு நாளாவது ஓய்வு தர வேண்டும் என்று வழிகாட்டுதல் போட வேண்டியிருந்தது. பிள்ளைகள் மட்டுமல்ல, கிளப்பைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்களும் ஓய்ந்து போயிருந்தார்கள். ஆக, ஒன்பதாம் வகுப்பிலிருந்து எதுவும் கிடையாது என்கிற விதிக்கு ஜப்பானைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. கூப்பிட்டால் எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொல்லிவிட்டுப் போகும்.

கொரியாவில் பள்ளி விட்ட பிறகு 'ஹாக்வோன்' என்னும் டியூஷன் நிலையங்களில் இரவு வரை படிப்பு ஓடுகிறது. சோல் நகரில் இரவு 10 மணிக்கு மேல் அவை இயங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த விதி செல்லும் என்று 2009-இல் அரசமைப்பு நீதிமன்றமே சொன்னது. இப்படிப்பட்ட இடத்தில் மார்க்கைத் தந்தது பள்ளி விதியா, ராத்திரி டியூஷனா என்று யார் பிரிப்பது? இன்னொன்றும் கவனியுங்கள். இந்த அழுத்தம் அளவு மீறிவிட்டது என்று கொரியர்களே நினைத்ததால்தான் 2016 முதல் நாடு முழுக்க நடுநிலைப் பள்ளிகளில் எழுத்துத் தேர்வே இல்லாத ஒரு செமஸ்டரைக் கொண்டுவந்தார்கள். அந்த அரையாண்டில் கலை, விளையாட்டு, கிளப், தொழில் அறிமுகம் எல்லாம் உண்டு.

நாத்தனார் பக்கமும் ஒரு திருத்தம் உண்டு. பின்லாந்தில் 2025 ஆகஸ்ட் முதல் பாட நேரத்தில் ஆசிரியர் அனுமதி இல்லாமல் செல்போன் பயன்படுத்தச் சட்டப்படியே தடை. 2021 முதல் பள்ளி நாளை ஒட்டி இலவசமாக ஒரு பொழுதுபோக்குக் கலையோ விளையாட்டோ கிடைக்கவும் அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. கெடுபிடியே இல்லாத நாடு என்பதைவிட, எதில் கெடுபிடி வேண்டும் என்று பொறுக்கி எடுக்கும் நாடு என்றால் பொருத்தமாக இருக்கும்.

சரி, இனி விதிகளுக்கு வருவோம். ஒரு பள்ளியின் விதிப் புத்தகம் கையில் கிடைத்தால் நான் ஒவ்வொரு விதியிடமும் ஒரே கேள்விதான் கேட்பேன்: நீ பாட நேரத்தில் எந்த நிமிடத்தைக் காப்பாற்றுகிறாய்? ஆசிரியர் உள்ளே வந்ததும் பாடம் தொடங்க வேண்டும், ஒருவர் பேசும்போது மற்றவர் பேசக் கூடாது, செல்போன் பைக்குள் இருக்க வேண்டும் என்பதற்கெல்லாம் பதில் இருக்கிறது. சாக்ஸ் நிறத்துக்கு இல்லை. பிசாவிலும் ஒழுங்கு பற்றி மாணவர்களிடம் கேட்கும்போது, முடியையோ உடையையோ கேட்பதில்லை. வகுப்பில் சத்தமா, ஆசிரியர் அமைதிக்காக வெகுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறதா, ஆசிரியர் சொல்வதை மாணவர்கள் கேட்கிறார்களா என்றுதான் கேட்கிறார்கள். ஜப்பானிய, கொரிய வகுப்பறைகள் இந்தக் கணக்கில் உலகிலேயே மிக அமைதியானவற்றில் சேரும். கணவர் பொறாமைப்பட வேண்டியது இந்த அமைதியைப் பார்த்துத்தான்.

முடி விதியைப் பற்றி ஜப்பானே பட்டுத் தெரிந்துகொண்டது. பிறவியிலேயே பழுப்பு முடியுள்ள ஒரு மாணவியைக் கறுப்புச் சாயம் அடிக்கச் சொல்லி ஒசாகாவில் ஒரு பள்ளி வற்புறுத்த, 2017-இல் அவர் வழக்குப் போட்டார். அது பெரிய விவாதமாகி, 2022 ஏப்ரல் முதல் டோக்கியோ மாநகர அரசின் பள்ளிகளில் முடியைக் கறுப்பாக்கும் விதி, உள்ளாடை நிறத்தைக்கூடக் கட்டுப்படுத்தும் விதி போன்றவற்றை எடுத்துவிட்டார்கள். உள்ளாடை நிறத்துக்கும் அல்ஜீப்ராவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க அத்தனை வருடம் ஆகியிருக்கிறது! சீருடை பற்றியும் இதே கதைதான். அமெரிக்காவில் 1990-களில் சீருடை வந்தால் ஒழுங்கும் மார்க்கும் ஏறும் என்று பெரிய நம்பிக்கை இருந்தது. 1998-இல் வந்த புகழ்பெற்ற ஆய்வு ஒன்று, வருகைப் பதிவிலோ நடத்தையிலோ அப்படி எந்த முன்னேற்றமும் தெரியவில்லை என்றது. சீருடைக்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கலாம். மார்க் அதில் சேராது.

செல்போன் விதி கொஞ்சம் கனமானது. இங்கிலாந்தின் நான்கு நகரங்களில் செல்போனைத் தடை செய்த பள்ளிகளை ஆராய்ந்தபோது, பின்தங்கிய மாணவர்களின் மதிப்பெண் தெளிவாக ஏறியிருந்தது. முன்வரிசைப் பிள்ளைகளுக்கு வித்தியாசமே இல்லை. அதே மாதிரி ஸ்வீடனில் செய்து பார்த்ததில் பலன் எதுவும் தெரியவில்லை. ஆகவே இது மந்திரம் அல்ல. ஆனாலும் 2022 பிசாவில், கணித வகுப்பில் சில வேளைகளிலாவது அடுத்தவர்களின் சாதனங்களால் கவனம் சிதறுகிறது என்ற மாணவர்கள், அப்படி இல்லை என்றவர்களைவிடச் சராசரியாக 15 புள்ளி குறைவாக எடுத்திருந்தார்கள். குடும்ப வசதியைக் கணக்கில் கழித்த பிறகும் அந்த இடைவெளி இருந்தது. தன் போனை ஒழுங்காகப் பைக்குள் வைத்திருக்கும் பிள்ளைக்கும் அடுத்தவன் போன் இடைஞ்சல் என்பதைக் கவனியுங்கள். உங்கள் மகனுக்குக் கணிதம் தடுமாறுகிறது என்கிறீர்கள். இந்த விதியால் பலன் பெறக்கூடிய கூட்டத்தில் அவனும் இருக்கலாம். புதிய பள்ளியின் விதிகளில் எனக்குப் பிடித்தது இது ஒன்றுதான். இதற்காகப் பள்ளி மாற வேண்டியதில்லை. இப்போதைய பள்ளியிலேயே பெற்றோர் சேர்ந்து கேட்டு வாங்கலாம்.

விதியைவிட, அதை மீறினால் என்ன நடக்கும் என்பது இன்னும் முக்கியம். பள்ளி பார்க்கப் போகும் பெற்றோர் இதை மட்டும் கேட்பதே இல்லை. டெக்சாஸ் மாநிலத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் மாணவர்களை ஏழாம் வகுப்பிலிருந்து தொடர்ந்து பார்த்த ஒரு பெரிய ஆய்வு 2011-இல் வந்தது. பள்ளி முடிப்பதற்குள் கிட்டத்தட்ட 60 சதவீதம் பேர் ஒரு முறையாவது சஸ்பெண்ட் ஆகியிருந்தார்கள் அல்லது வெளியேற்றப்பட்டிருந்தார்கள். சட்டம் கட்டாயமாக்கிய கடுமையான குற்றங்களுக்காக எடுத்த நடவடிக்கை வெறும் 3 சதவீதம்தான். மீதியெல்லாம் பள்ளிகள் தாங்களாகவே எடுத்த முடிவு. சஸ்பெண்ட் ஆன பிள்ளைகள் அதே வகுப்பில் தங்கிப் போவதற்கும் படிப்பை விடுவதற்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. யோசித்தால் இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பாடம் கேட்க வேண்டியவனை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு மார்க் ஏறும் என்று எப்படி எதிர்பார்ப்பது? அப்புறம், அடி. புதிய பள்ளியில் கை நீட்டும் வழக்கம் உண்டா என்று வெளிப்படையாக விசாரியுங்கள். உண்டு என்றால் வேறு எதையும் பார்க்க வேண்டாம், அந்தப் பள்ளி வேண்டாம்.

யாரும் கெடுபிடி என்று நினைக்காத, ஆனால் படிப்பை நேரடியாகத் தொடும் விதி ஒன்று இருக்கிறது: பள்ளி தொடங்கும் நேரம். பதின்ம வயதில் உடலின் தூக்கக் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது. அவர்கள் தாமதமாகத் தூங்குவதில் பாதி சோம்பேறித்தனம் அல்ல, உடல். சியாட்டில் நகரம் 2016-இல் உயர்நிலைப் பள்ளிகளின் தொடக்க நேரத்தை காலை 7:50-லிருந்து 8:45-க்கு மாற்றியது. மாணவர்களின் கையில் அளவுக் கருவி கட்டிப் பார்த்ததில், தூக்கம் 34 நிமிடம் கூடியிருந்தது. கலிபோர்னியா 2022 முதல் உயர்நிலைப் பள்ளிகள் 8:30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று சட்டமே போட்டுவிட்டது. கண்டிப்பான பள்ளி எத்தனை மணிக்கு மணி அடிக்கிறது, அங்கே போய்ச்சேர மகன் எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. என்னைக் கேட்டால் சாக்ஸ் விதியைவிட இது பத்து மடங்கு முக்கியம்.

இனி வாலிபால். இங்கே பெற்றோர் இரண்டு தவறான கணக்குப் போடுகிறார்கள். ஒன்று, விளையாட்டும் கலையும் மூளையைத் தீட்டி மார்க்கைக் கூட்டும் என்பது. இங்கிலாந்தில் 100 பள்ளிகளை எடுத்துக்கொண்டு, அதில் பாதியில் மட்டும் ஒரு வருடம் செஸ் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டு கழித்துக் கணித மார்க்கில் எந்த வித்தியாசமும் இல்லை. செஸ் கற்றுக்கொண்டால் செஸ் வரும், அவ்வளவுதான். உங்கள் சனிக்கிழமை கீபோர்டு கணிதத்துக்காக என்றால் அந்த எண்ணத்தை விட்டுவிடலாம். அவனுக்கு இசை பிடிக்கும் என்றால் அதுவே போதுமான காரணம்.

இரண்டாவது தவறான கணக்கு, விளையாடும் ஒவ்வொரு மணி நேரமும் படிப்பிலிருந்து திருடியது என்பது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1970-களில் ஒரு நீண்ட பரிசோதனை நடந்தது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குத் தினமும் ஒரு மணி நேரம் கூடுதலாக உடற்பயிற்சி வகுப்பு. அதற்கு இடம் விட, மற்ற பாடங்களுக்கான நேரத்தை ஏழில் ஒரு பங்கு அளவுக்கு வெட்டினார்கள். படிப்பு சரியும் என்றுதானே நினைப்போம்? சரியவில்லை. மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாகவோ, சில வகுப்புகளில் சற்று மேலாகவோ எடுத்தார்கள். நேரத்தை வெட்டினால் மார்க் அதே அளவுக்குக் குறையும், சேர்த்தால் அதே அளவுக்கு ஏறும் என்பது பெரியவர்கள் மனத்தில் இருக்கும் கணக்கு. பிள்ளைகள் அப்படி இயங்குவதில்லை.

அப்படியென்றால் கிளப்பும் டீமும் என்னதான் தருகின்றன? பள்ளியோடு ஓர் ஒட்டுதலைத் தருகின்றன. அமெரிக்காவில் ஏழாம் வகுப்பிலிருந்து பள்ளி முடியும் வரை மாணவர்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 1997-இல் வந்தது. படிப்பிலும் நடத்தையிலும் பின்தங்கி, எந்த நேரமும் பள்ளியை விட்டுவிடுவார்கள் என்ற நிலையில் இருந்த பிள்ளைகளில், ஏதாவது ஒரு செயல்பாட்டில் இருந்தவர்கள் படிப்பை நிறுத்தியது மிகவும் குறைவு. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளிடம் இந்த வித்தியாசம் பெரிதாக இல்லை. டீமிலும் கிளப்பிலும் சேர்பவர்கள் பொதுவாகவே ஆர்வமும் வசதியும் உள்ளவர்கள் என்பதால், இத்தகைய ஆய்வுகளைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும். ஆனாலும் நான் பார்க்கும் பிள்ளைகளிடமும் இதுதான் தெரிகிறது. மார்க் சறுக்கும் நேரத்தில், பள்ளிக்குள் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்று கேட்கும் ஒரு கோச் இருப்பது சின்ன விஷயம் அல்ல.

அளவு பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் உங்கள் மகன் பட்டியல் நீளமாக இருக்கிறது. அமெரிக்கப் பிள்ளைகளின் நேரக் குறிப்புகளை வைத்து 2024-இல் வந்த ஓர் ஆய்வு, வீட்டுப்பாடம், டியூஷன், கலை வகுப்பு, விளையாட்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தது. பிள்ளைகள் ஏற்கெனவே இருக்கும் அளவில், கடைசியாகச் சேர்க்கும் ஒரு மணி நேரத்தால் படிப்புத் திறனில் பலன் ஒன்றும் இல்லை. மன அமைதியில் இழப்புதான். தூக்கத்தையும் நண்பர்களோடு சும்மா இருக்கும் நேரத்தையும் தின்றுதானே அந்த மணி நேரம் வருகிறது. டியூஷனும் இந்தக் கூட்டலில் உண்டு என்பதை உங்கள் கணவருக்குச் சொல்லுங்கள்.

இப்போது வகுப்பாசிரியை சொன்னது. மார்க் ஏறும்வரை டீம் வேண்டாம் என்பதை டெக்சாஸ் 1984-இல் மாநிலச் சட்டமாகவே போட்டுப் பார்த்தது. 'பாஸ் இல்லையேல் ஆட்டம் இல்லை' என்று அதற்குப் பெயர். தேறாத மாணவனுக்கு ஆறு வாரத் தடை. 1995-இல் அதைத் திருத்தினார்கள்: தடை மூன்று வாரமாகக் குறைந்தது; அந்த நாட்களிலும் டீமோடு பிராக்டிஸ் செய்யலாம், போட்டியில் மட்டும் இறங்க முடியாது. எனக்கு அந்தத் திருத்தம்தான் சரியாகப் படுகிறது. போட்டியை நிறுத்துவது ஒரு விளைவு, பிள்ளைக்குப் புரியும். பிராக்டிஸையும் கோச்சையும் சேர்த்து நிறுத்துவது, பள்ளியில் அவனைப் பிடித்து வைத்திருக்கும் கயிற்றையே அறுப்பது. அதோடு, 'மார்க் ஏறும்வரை' என்பதற்கு முடிவுத் தேதி கிடையாது. ஆசிரியை வற்புறுத்தினால், மூன்று வாரம் போட்டி வேண்டாம், பிராக்டிஸ் தொடரட்டும், மூன்று வாரம் முடிந்ததும் உட்கார்ந்து பேசுவோம் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் இதற்கு ஒத்துக்கொள்வார்கள்.

ஆனால் அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கடைசி இரண்டு கணித விடைத்தாள்களை மகனோடு உட்கார்ந்து பாருங்கள். திட்டாமல் பாருங்கள், அது முக்கியம். எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா கனக்கத் தொடங்குகிறது. பின்னங்களிலும் குறை எண்களிலும் பழைய ஓட்டை இருந்தால் அது இப்போதுதான் வெளியே தெரியும். எல்லாக் கேள்வியிலும் ஒரே மாதிரித் தவறு என்றால் அது கற்பித்துச் சரிசெய்ய வேண்டியது. வாலிபாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கடைசிப் பக்கம் காலியாக இருந்தால், அல்லது தெரிந்த கணக்கிலேயே கூட்டல் கழித்தல் பிசகியிருந்தால், தூக்கத்தையும் களைப்பையும் சந்தேகப்படுங்கள். அப்போது ஒரு செயல்பாட்டைக் குறைக்கலாம். எதைக் குறைப்பது என்பதை அவனிடமே விடுங்கள். வாலிபாலைத் தவிர மற்றதில் ஒன்றை அவனே தூக்கிவிடுவான் என்று நினைக்கிறேன்.

பள்ளி மாற்றம் பற்றி என் கருத்து: சாக்ஸுக்காகவும் முடிக்காகவும் மாற வேண்டாம், ஒன்பதாம் வகுப்பிலிருந்து எதுவும் கிடையாது என்பதற்காகக் கண்டிப்பாக மாற வேண்டாம். மாறுவதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. இப்போதைய பள்ளியில் கணித வகுப்பு எப்படி நடக்கிறது என்று மகனிடம் சாதாரணமாகக் கேளுங்கள். ஆசிரியர் வந்து எவ்வளவு நேரம் கழித்துப் பாடம் தொடங்குகிறது, பின்வரிசையில் இருந்தால் காதில் விழுகிறதா, எத்தனை பேர் போனில் இருக்கிறார்கள் என்று. பாதி வகுப்பு சத்தத்திலேயே போகிறது என்று அவன் சொன்னால், உங்கள் கணவரின் கவலைக்கு அடிப்படை இருக்கிறது. முதலில் தலைமையாசிரியரைப் பாருங்கள். ஒரு பருவம் பொறுத்தும் மாற்றம் இல்லை என்றால் வேறு பள்ளி தேடலாம். அப்போதும் தேட வேண்டியது, பாடம் அமைதியாக நடக்கிற, டீமும் இருக்கிற ஒரு பள்ளியை. சேர்க்கைக்கு முன் ஒரு சாதாரண வேலைநாளில் போய், ஏதாவது ஒரு வகுப்புக்கு வெளியே பத்து நிமிடம் நிற்க அனுமதி கேளுங்கள்.